பதினாறு அடி

மகள் இஸ்ஸாத்தி கடிதத்தைப் பாதிதான் படித்திருந்தாள், அதற்குள் மொக்தார் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கார் கம்பெனியிலிருந்து வந்த கடிதம். உங்கள் வண்டியின் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் ஏர்பேக்கை இலவசமாக மாற்றித் தருகிறோம், தள்ளிப்போடாமல் கொண்டுவாருங்கள் என்று நயமாக ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் எழுதும் கடிதத்தில் கெட்ட சேதி எப்போதும் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும்.

"'வெயிலும் ஈரமும் உள்ள ஊர்களில் பல வருடம் இருந்தவை, வெடிக்க வேண்டியதைவிடப் பலமாக வெடிக்கக்கூடும். உள்ளே இருக்கும் இரும்புக் குப்பி உடைந்து, துண்டுகள் ஓட்டுபவர்மேல் பாயக்கூடும்'னு போட்டிருக்குப்பா," என்றாள் இஸ்ஸாத்தி. "பழசாக ஆக ஆக ஆபத்தாம்."

"பழசு கோபக்காரன்," என்றார் மொக்தார்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கே கொண்டுபோய் விட்டுடு. மாத்தித் தர்ற வரைக்கும் பஸ்ல போ."

அந்த இரண்டு வார்த்தையும் அவருடைய சொந்தச் சரக்கு. காப்பார் ஊரில், சீன முதலாளி பூன் கியாட்டின் பழைய கார் யார்டில் வேலை பார்த்த காலத்தில், ஒரு கிளாஸ் டீ ஜெயிப்பதற்காக அவர் வாரா வாரம் சொன்னது. இன்றைக்கு அதையே ஒரு கம்பெனி முத்திரை குத்தித் தபாலில் அனுப்பியிருக்கிறது. வேறு நேரமாக இருந்தால் மனுஷர் மார்தட்டிக்கொண்டு தெருவெல்லாம் சொல்லியிருப்பார். இப்போது ஒரு சாம்பல் நிறக் கார்தான் கண்முன் வந்து நின்றது. அந்தக் காரின் ஸ்டீயரிங்கில் பழைய ஏர்பேக் ஒன்றை மாட்டியது அவருடைய கைதான். இன்றும் தினம் அதை ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர் பூன் கியாட்டின் விதவை சியூ இங். கம்பெனியின் கணக்கில் அந்த வண்டியில் இருப்பது வேறு ஏர்பேக். ஆகவே அவருக்கு எந்தக் கடிதமும் வரப்போவதில்லை. அந்த ஆபத்து இப்போது மொக்தாருக்கு மட்டும்தான் தெரியும்.

போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்து அடித்து நின்றது. காலையில் சாமி மேடையில் ஊதுவத்தி ஏற்றி முடிக்கும்வரை அந்த அம்மாள் போனைத் தொடமாட்டார். ஏற்றி முடித்தால் நேரே காரில் ஏறிவிடுவார். மொக்தார் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவர் குடியிருக்கும் மேருவிலிருந்து காப்பாருக்கு இருபது நிமிஷம்.

அந்தப் பாதையில் அவர் இருபத்து மூன்று வருஷம் போய்வந்திருக்கிறார். யார்டை மூடி நாலு வருஷம், பூன் கியாட் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் பெட்ரோல் பங்க் தாண்டி இடதுபக்கம் திரும்பும்போது, இன்றைக்கு எந்தக் கன்டெய்னர் வந்திருக்கும் என்ற நினைப்பு தானாக வந்துவிடுகிறது. மனசுக்கு யார் போய் ஓய்வுகாலம் என்று சொல்வது.

ஜப்பானிலிருந்து பாதிப் பாதிக் கார்களாக வரும். ஹாஃப் கட் என்பார்கள். முன்பாதி மட்டும் எஞ்சின், டேஷ்போர்டு, ஸ்டீயரிங் எல்லாவற்றோடும், நடுவில் வெட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கன்டெய்னரில் வந்து இறங்கும். அதைப் பிரித்து மேய்வது மொக்தாரின் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போல்ட் எங்கே இருக்கிறதென்று கை போகும். ஏர்பேக் மட்டும் வேறு மரியாதை. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு சிகரெட் நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு மஞ்சள் ஒயரைப் பிடுங்கி, முகத்தை விலக்கிக்கொண்டு, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுக்க வேண்டும். நல்லவை தகரச் சுவரில் வரிசையாகத் தொங்கும், வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள், கேட்டால் மொக்தாரே மாட்டியும் விடுவார். மூடி கிழிந்தவை, யாரும் சீண்டாதவை எல்லாம் ஒரு மூலையில் சேரும். அவற்றை உயிரோடு இரும்புக்காரனிடம் தள்ளிவிட முடியாது. ஒருதடவை அவனுடைய நசுக்கும் மெஷினுக்குள் ஒன்று வெடித்து, அவன் பூன் கியாட்டின் ஏழு தலைமுறையையும் ஹொக்கியன் மொழியில் கூப்பிட்டுவிட்டுப் போனான்.

அதிலிருந்துதான் வெள்ளிக்கிழமை வழக்கம் ஆரம்பித்தது. மொக்தார் பள்ளிவாசல் தொழுகை முடிந்து இரண்டரை மணிக்குத் திரும்பி வருவார். வந்ததும் மூலையில் சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாக வெடிக்க வைத்துவிடுவார்கள். தரையில் ஏர்பேக்கை மல்லாத்தி வைத்து, அதைச் சுற்றி நாலு டயரை அடுக்கி, அதன்மேல் ஐந்தாவதாக ஒரு டயரைச் சும்மா வைப்பார் மொக்தார். ஐம்பது அடி ஒயரின் மறுமுனையில் பேட்டரி. தொட்டால் 'டொம்' என்று யார்டே அதிரும், மேல் டயர் ஆகாசத்துக்குப் போகும். பக்கத்தில் ஒரு பழைய விளக்குக் கம்பம். அதில் பூன் கியாட்டே ஏணி போட்டு ஏறி, அடி அடியாக வெள்ளைக் கோடு போட்டிருந்தார். ஏறும்போது ஏணி அழுதது, அவர் உடம்பு அப்படி.

டயர் எத்தனை அடி போகும் என்பதுதான் பந்தயம். தோற்றவர் டீயும் வாழைப்பழ பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும்.

பூன் கியாட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவப் பரீட்சையில், இயற்பியலில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். ஆனால் அந்தப் பாடத்தின்மேல் அவருக்கு இருந்த காதல் பாஸ் பண்ணியவர்களுக்குக் கூட இருந்திருக்காது. காதுக்குப் பின்னால் பென்சில், கையில் அட்டைப்பெட்டியின் மூடி, பனியனோடு நின்று கணக்குப் போடுவார்.

"டயர் எட்டு கிலோ. போன வாரம் பன்னிரண்டு அடி போச்சு. அப்படின்னா இருநூத்தி எண்பத்தேழு ஜூல். புரியுதா மொக்தார்? ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தரையில இருந்து ரெண்டு அடி தூக்குற வேலை."

"அது நான் தினம் பண்றேன் தவுக்கே. எனக்கு யாரும் ஜூல் குடுக்கலையே," என்பார் மொக்தார். முதலாளியை அவர் 'தவுக்கே' என்றுதான் கூப்பிடுவார்.

"நீ தூக்க ரெண்டு நிமிஷம் ஆகும், நடுவுல இடுப்பு வலின்னு உட்காருவே. இது கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள தூக்கிடும். பதினோரு குதிரை சேர்ந்து இழுக்கிற பலம்டா! இந்தச் சின்னக் குப்பிக்குள்ள!"

"குதிரையெல்லாம் எனக்கு வேணாம். இன்னிக்கு எவ்வளவு சொல்றீங்க?"

"பன்னிரண்டு. கணக்கு சொல்லுது, பன்னிரண்டு."

மொக்தாருக்குக் கணக்கு வராது. அவர் ஏர்பேக்கைக் கையில் வாங்கித் திருப்பி, எந்த வருஷத்தது என்று பார்ப்பார். சுவரில் எத்தனை மழைக்காலம் தொங்கியது என்று யோசிப்பார். தகரம் உச்சி வெயிலில் தொட முடியாதபடி சுடும், சாயங்காலம் மழை பெய்து குப்பென்று ஆவி பறக்கும், மறுநாள் மறுபடியும் வெயில். அந்தச் சுவரில் இரண்டு வருஷம் தொங்கியதென்றால் இரண்டு அடி கூட்டுவார், மூன்று வருஷமென்றால் மூன்றரை.

"பதினாலு."

"எதனால பதினாலு? காரணம் சொல்லு."

"பழசு கோபக்காரன், தவுக்கே."

"கோபம்னு ஒண்ணு கணக்குல கிடையாது! வெயிலுக்கும் மழைக்கும் இந்தச் சூத்திரத்துல இடமே இல்ல!"

டயர் பதினாலு அடி போகும். பூன் கியாட் கம்பத்தின் கோட்டைப் பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார், பிறகு டயர் இளைத்துவிட்டது என்று சொல்லி அதைத் தராசில் தூக்கி வைப்பார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சியூ இங் அங்கிருந்தே குரல் கொடுப்பார். மொக்தாருக்கு அவர் எப்போதும் 'நியோன்யா'தான், முதலாளி வீட்டம்மாள்.

"பரீட்சையில ரெண்டு தடவை கோட்டை விட்ட மனுஷனுக்கு வாரா வாரம் மறுபரீட்சை! அதுலயும் ஃபெயிலு! மொக்தார், எனக்கும் சேர்த்துப் பஜ்ஜி வாங்கச் சொல்லு!"

"நீங்களும் பந்தயம் கட்டுங்க நியோன்யா."

"உங்க ரெண்டு கிறுக்கோட மூணாவதா நானுமா? அட, போ லா!"

நம் பழமொழியில் தாய் எட்டடி பாய்ந்தால் குட்டிதான் பதினாறடி பாயும். அந்த யார்டில் கிழடுகள் பாய்ந்தன. அதைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, கோட்டில் அளந்து, டீயும் குடித்தார்கள். அது ஏன் அப்படிப் பாய்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்கள் கேள்வி கேட்பதில்லை. மொக்தாரின் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாட்கள் கிடையாது. சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதத்தில் கூட பூன் கியாட் கண்ணைத் திறந்ததும் கேட்டார், "இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?" என்று. செவ்வாய்க்கிழமைதான். "ஆமாம் தவுக்கே," என்றார் மொக்தார்.

மோட்டார் சைக்கிள் ரயில்வே கேட்டைத் தாண்டியபோது அந்த இன்னொரு நாள் ஞாபகம் வந்தது, வர வேண்டாம் என்று அவர் எத்தனை தடுத்தும்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு. பூன் கியாட்டின் சாம்பல் கார் ஒரு மணல் லாரியில் போய் முட்டி, அதன் ஏர்பேக் வெடித்துத் தன் கடமையைச் செய்துவிட்டது. முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை. புதியது வாங்கலாமே என்று சியூ இங் சொன்னார். யார்டு வைத்திருப்பவன் கடையில் போய்ப் புதியது வாங்குவதா, ஊர் சிரிக்காதா என்று பூன் கியாட் சுவரிலிருந்து ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்தார். மூடியில் கீறலே இல்லாத, பளபளப்பான ஒன்று. சுவரில் மூன்று வருஷத்துக்கு மேல் தொங்கியது. மொக்தார் அதை மாட்டி, மஞ்சள் ஒயரைச் சொருகி, கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது எவ்வளவு போகும் மொக்தார்?" என்று கேட்டார் முதலாளி, கண்ணடித்துக்கொண்டு.

"இதுவா? பதினாறு அடி, தவுக்கே!"

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சியூ இங் வீட்டு வாசல் கேட் திறந்திருந்தது. சாம்பல் கார் பின்னால் புகையோடு உறுமிக்கொண்டு நின்றது. சியூ இங்குக்கு ஐந்தடி உயரம் கூடக் கிடையாது. சீட்டை முன்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு தலையணை, அடியில் ஒரு தலையணை போட்டு, முகவாய் ஸ்டீயரிங்கைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்துதான் எப்போதும் ஓட்டுவார். அந்தக் காட்சியைப் பார்த்ததும் மொக்தார் மோட்டார் சைக்கிளை அப்படியே கேட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டு இறங்கி ஓடினார்.

"அலமாக்! என்னடா இது, வண்டியைக் குறுக்கே போட்டுட்டு? மீன் முடிஞ்சிடும், எனக்கு நேரமாச்சு!"

"இறங்குங்க நியோன்யா. எஞ்சினை அணைச்சுட்டு இறங்குங்க."

"எதுக்கு?"

"இறங்குங்க, சொல்றேன்."

இறங்கினார், முணுமுணுத்துக்கொண்டே. மொக்தார் கம்பெனிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். மகளுக்கு வந்தது, ஊரில் பல வண்டிகளுக்கு வந்திருக்கிறது, ஸ்டீயரிங்கில் இருப்பதைக் கழற்ற வேண்டும். அவ்வளவு மட்டும் சொன்னார். பாதி உண்மையை வைத்து முழுக் காரியத்தையும் முடித்துவிடலாம் என்ற நப்பாசை.

சியூ இங் இருபது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவர். அவரிடம் பாதி உண்மை செல்லுபடியாகாது.

"எனக்கு லெட்டர் வரலையே. கம்பெனிக்காரனுக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்?"

"அது... வந்து..."

"இது கியாட் பொறுக்கி எடுத்து மாட்டினது. அவர் போனப்புறம் இந்த வண்டியில ஒரு பல்பைக் கூட நான் மாத்தலை. அவர் தொட்டது அப்படியே இருக்கட்டும்னு இருக்கேன். நீ காலங்காத்தால வந்து கழட்டணும்னா?"

மொக்தார் தலையைக் குனிந்துகொண்டார். மாட்டிய அன்று நடந்ததைச் சொல்லலாமா என்று யோசித்தார். சொன்னால் இந்த அம்மாள் தன் புருஷனை இனி எப்படி நினைப்பார், தன்னை எப்படிப் பார்ப்பார்? சொல்லாவிட்டால் நாளைக்கும் இதே தலையணையைப் போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போவார். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எங்களுக்குத் தெரியும் நியோன்யா. பழசு ரொம்பப் பலமா வெடிக்கும்னு எனக்கு அப்பவே தெரியும். ஆபத்துன்னு தோணலை, அல்லா மேல ஆணை, தோணவே இல்லை. விளையாட்டாத்தான் பார்த்தோம். இதை மாட்டின அன்னிக்குத் தவுக்கே கேட்டாரு, எவ்வளவு போகும்னு. நான் பதினாறு அடின்னு சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

சியூ இங் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினாறு அடின்னு சொல்லிட்டு," என்றார் கடைசியில், "ரெண்டு பேருமாச் சேர்ந்து அதை என் நெஞ்சுக்கு நேரா வச்சீங்க."

மொக்தாருக்கு அறை வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது. சாவியை அவர் கையில் திணித்துவிட்டு சியூ இங் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மொக்தார் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். சிகரெட்டை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதால் சும்மாவே நின்றார். ஆயிரக்கணக்கில் கழற்றியவர், இன்றைக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக் கழற்றினார். இரண்டு போல்ட், மஞ்சள் ஒயர். எடுத்து, கைகளை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்தில் வைத்தார். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தபோது அங்கிருந்த பெண் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்து, இந்த வண்டி பட்டியலில் இல்லையே அங்கிள், திங்கட்கிழமை மேனேஜரிடம் பேசுங்களேன் என்றாள். திங்கட்கிழமை வரைக்கும் அதை எங்கே வைப்பது? பேரக்குழந்தைகள் வந்துபோகிற வீடு. மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு போகிற சாமானும் இல்லை அது.

வீட்டுக்குப் பின்னால்தான் யார்டு. விற்கவில்லை. புல் முட்டளவுக்கு வளர்ந்து கிடந்தது. பழைய டயர்களுக்குப் பஞ்சமில்லை. இந்தத் தடவை மொக்தார் நாலு டயருக்கு வெளியே இரண்டு பெரிய லாரி டயரையும் உருட்டி வந்து போட்டார். மூச்சு வாங்கியது. இருப்பதிலேயே நீளமான ஒயராகத் தேடி எடுத்து, பழைய கன்டெய்னருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சியூ இங் வந்து பக்கத்தில் நின்றார்.

"நீங்க உள்ள போங்க நியோன்யா."

"என் நெஞ்சுக்கு நேரா இருந்தது. நான் பார்க்கணும்."

மொக்தார் ஒயரைப் பேட்டரியில் தொட்டார்.

'டொம்' என்ற அந்தப் பழகிய சத்தம் வரவில்லை. இரும்பு முறிகிற மாதிரி 'டட்' என்று காது கிழிந்தது. மொக்தார் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். மேல் டயர் மூன்று அடி எழும்பி, சாய்ந்து, புல்லில் விழுந்துவிட்டது. வெறும் மூன்று அடி. ஒரு நொடி அவருக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. பதினாறு அடியாவது மண்ணாங்கட்டியாவது, இதற்குப் போய் அந்த அம்மாளை நோகடித்தோமே என்று நினைத்தார்.

கிட்டப் போய்ப் பார்த்ததும் அந்த நினைப்பு செத்துவிட்டது. ஏர்பேக் துணி கந்தல் கந்தலாகக் கிடந்தது. உள்ளே இருந்த குப்பியைக் காணவில்லை. முதல் டயரின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்குக் கிழிசல். லாரி டயரில் உள்ளங்கை அகல இரும்புத் துண்டு ஒன்று பாதி வரை புதைந்து நின்றது, தொட முடியாத சூடு. இன்னொரு துண்டு இரண்டு டயரையும் துளைத்துக்கொண்டு போய், இருபது அடி தள்ளியிருந்த தகர வேலியில் ஓட்டை போட்டிருந்தது. அதன் வழியாக அடுத்த வீட்டு வாழைமரம் தெரிந்தது.

வருஷக்கணக்கில் உயரத்தைத்தான் அளந்தார்கள். பலமெல்லாம் மேலே போகும் என்று யார் சொன்னது? இதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை டயரில் வெட்டுக் காயம் இருந்தது உண்டு. பழைய டயர், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் என்று தூக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். மொக்தார் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நியோன்யா பிழைத்துக்கொண்டார், நான் சொல்லிவிட்டேன், எடுத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியது.

சியூ இங் வேலியில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அந்தச் சுவர்ல எத்தனை தொங்கிச்சு மொக்தார்?"

"எந்தச் சுவர்?"

"தகரச் சுவர். நீங்க வித்தீங்களே. நான்தானே சிரிச்சுச் சிரிச்சுப் பையில போட்டுக் குடுத்தேன்."

மொக்தார் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து அவர் மனசில் ஒரே ஒரு கார்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாசத்துக்கு மூன்று, நாலு. எத்தனை வருஷம்? எவை எவை மூன்று மழைக்காலம் தொங்கியவை? வாங்கியவர்கள் எத்தனை பேர் வண்டியை விற்றார்கள், எத்தனை பேர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்? அந்த இனிப்பான வெள்ளிக்கிழமைகள் எல்லாம் எங்கெங்கோ தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாருன்னு எப்படித் தெரியும் நியோன்யா? ரசீதெல்லாம் மூடினப்போ எரிச்சாச்சு."

"ரசீது எதுக்கு? ஆரஞ்சு குடுத்தேனே."

சீனப் புத்தாண்டுக்கு, சாமான் வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழம் அனுப்புவது சியூ இங்கின் வழக்கம். விற்பவனுக்கு வாங்கியவன் முகம் மறக்கக் கூடாது என்பார். யார்டை மூடிய பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. உள்ளே போய், ஒரு நோட்டோடு வந்தார். அவருடைய குண்டு எழுத்தில் பெயர், ஊர், போன் நம்பர், வாங்கிய சாமான். ஸ்டீயரிங் ஏர்பேக் வாங்கியவர்களுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தார். பக்கத்தைத் திருப்பத் திருப்ப வட்டங்கள் வந்தன. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். மீன் மறந்துவிட்டது.

"முதல்ல பந்திங்ல இருக்குற லேமான். டாக்சி ஓட்டினாரே, நீதானே மாட்டிக் குடுத்தே, எப்பவும் டுரியான் பழம் கொண்டு வருவாரு," என்று நம்பரை அழுத்தி, போனை இருவருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார் சியூ இங்.

மணி அடித்தது. நாலு, ஐந்து, ஆறு. மொக்தாருக்கு ஒவ்வொரு மணிக்கும் உயிர் போய் வந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"யாரு? ஆ, காப்பார் நியோன்யாவா! போன தடவை ஆரஞ்சு தேனா இருந்துச்சு. அவரா? அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு."

"இருக்காரா?" மொக்தார் கிட்டத்தட்டக் கத்தினார். "வீட்லயா?"

"பேரனைக் கூட்டிட்டு வரக் கார் எடுத்துட்டுப் போயிருக்காரு. அதே பழைய வண்டிதான், விக்க மாட்டேங்குறாரு. இருங்க, இப்ப வந்துடுவாரு."

"லைன்லயே இருங்கக்கா," என்றார் மொக்தார். "வைக்காதீங்க."

அந்த வீட்டில் மின்விசிறி ஓடுவது கேட்டது. ஒரு சேவல் கூவியது. அந்தப் பெண் எதிர் வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சியூ இங் மொக்தாரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை. எவ்வளவு நேரம் போனதோ.

பிறகு போனுக்குள், தூரத்திலிருந்து, ஹாரன் சத்தம் கேட்டது. கேட்டைத் திறக்கச் சொல்லி இரண்டு தடவை.

"இதோ வந்துட்டாரே," என்றாள் அந்தப் பெண்.

"ஹாரன்ல இருந்து கையை எடுக்கச் சொல்லுங்க," என்றார் மொக்தார். "அக்கா, வண்டியை அங்கேயே தெருவுல விட்டுட்டுப் பையனைத் தூக்கிட்டு இறங்கச் சொல்லுங்க. நான் வர்றேன். நான் மாட்டினது, நானே வந்து எடுக்குறேன்."